மேசைக்கடியில்

இன்று காற்றில் கதவு படாரென்று அடித்துக்கொண்டதும், தோழியின் ஆறு வயது மகள் விளையாட்டை விட்டுவிட்டு மேசைக்கடியில் போய் ஒடுங்கிக்கொண்டாள்.

காதைப் பொத்தவில்லை, தலையைத்தான் இரு கைகளாலும் மூடிக்கொண்டாள்.

போரைக் கண்டவர் அவளுடைய பாட்டி மட்டுமே, அவரும் அதைப் பற்றி வாய் திறந்ததே இல்லை.

யூத இனப்படுகொலையிலிருந்து தப்பியவர்களின் பிள்ளைகளிடம், தாங்கள் நேரில் காணாத கொடுமையின் பாதிப்பு தென்படுவதைக் கனடாவின் மனநல மருத்துவர்கள் 1960களிலேயே பதிவு செய்தார்கள். நெதர்லாந்தில் 1944-45 போர்க்காலப் பஞ்சத்தின்போது கருவில் இருந்தவர்களுடைய மரபணுவின் மேலுள்ள, அது இயங்கும் அளவைக் கூட்டிக் குறைக்கும் வேதிக் குறிகள், அறுபது ஆண்டுகள் கடந்தும் அவர்களது உடன்பிறந்தவர்களிடமிருந்து வேறுபட்டிருந்தன.

ஆனாலும் எல்லாவற்றையும் மரபணுவின் மேல் ஏற்றிவிட எனக்கு மனமில்லை. திடீர்ச் சத்தத்துக்குத் தாயின் பிடி இறுகுவதையும், இரவில் தாழ்ப்பாளை அவள் மீண்டும் மீண்டும் சரிபார்ப்பதையும் அன்றாடம் பார்த்தே, காரணம் தெரியாமல், குழந்தை அச்சத்தைப் பழகிக்கொள்கிறது.