நாட்காட்டித் தாளின் பின்பக்கம்

“என் காசுதானே தம்பி, அப்புறம் ஏன் கையிலேருந்து கேக்குறீங்க?”

இன்று காலை சிங்கப்பூரில் ஒரு பலதுறை மருந்தகத்தில், பணம் கட்டும் முகப்பில் எனக்கு முன்னால் நின்ற அக்கா.

தம்பி பொறுமையாகத்தான் சொன்னார். மெடிசேவில், அதாவது சம்பளத்தில் பிடித்துச் சேர்த்த அவரவர் மருத்துவச் சேமிப்பில், எடுத்தாலும் அக்கா 15 விழுக்காட்டை ரொக்கமாகக் கட்ட வேண்டுமாம்.

அக்கா பையிலிருந்து பழைய நாட்காட்டித் தாள் ஒன்றை எடுத்தார். பின்பக்கம் நீல மையில் 700. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் சேர்ந்தே இருப்பவர், மருந்துக்கும் பரிசோதனைக்கும் ஓராண்டில் மெடிசேவிலிருந்து பொதுவாக எடுக்கக்கூடிய வெள்ளி (டாலர்) அவ்வளவுதான். அதன்கீழ் ஒவ்வொரு முறையும் கழித்துக்கொண்டே வந்திருக்கிறார்.

கடைசி எண் 38.

ஆண்டு முடிய இன்னும் மூன்று மாதம்.

எனக்கும் அதே இரண்டு நோய்தான். நான் ரசீதைக் கசக்கிப் போடுகிற ஆள்.

சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸ் வரை போனால் மெடிஷீல்டு லைஃப் என்கிற தேசிய மருத்துவக் காப்புறுதி கைகொடுக்கும். கெடாமல் காக்கிற மாத்திரைக்கு, மானியம் போக மிச்சம், இந்தத் தாள் கணக்குதான். காப்புறுதி பெரிய செலவுக்குத்தான், சரி, புரிகிறது. இருந்தாலும் அந்த 38 கண்ணிலேயே நிற்கிறது.

அக்கா சில்லறையை எண்ணி வைத்தார். தாளை நாலாக மடித்தார்.

“உங்க நம்பர் வந்துடுச்சு பாருங்க” என்றார் என்னிடம்.