32 கிலோபிட்டில் ஒரு கச்சேரி: குறைந்த பிட்ரேட்டில் செய்து பார்த்த அனுபவம்

சில வருடங்களாகக் கோயில் உற்சவங்களிலும் சின்ன சபாக்களிலும் கச்சேரிகளைக் கையடக்க ரெக்கார்டரில் பதிவு செய்து வருகிறேன். கலைஞர்களிடம் முன்கூட்டியே கேட்டு, அவர்கள் சம்மதித்த பிறகுதான். மூலப்பதிவு 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். அதைத் தரம் இழக்காமல் சுருக்கும் ஃபிளாக் கோப்பாக வன்தட்டில் பத்திரமாக வைத்துவிடுவேன். சிக்கல் பகிர்வதில்தான் வருகிறது. வாசித்தவர்கள், அவர்கள் வீட்டுப் பெரியவர்கள், ஊரில் கேட்க ஆசைப்படுபவர்கள் எல்லோரும் போனில் கேட்பவர்கள். இரண்டரை மணி நேரக் கச்சேரியை வினாடிக்கு 128 கிலோபிட் என்ற பிட்ரேட்டில் அனுப்பினால் 144 எம்பி. அதையே 32 கிலோபிட்டில் அனுப்பினால் 36 எம்பி. அந்த 36 எம்பிக்குள் எந்த வடிவம் நம் சங்கீதத்தை அதிகம் சிதைக்காமல் கொண்டு சேர்க்கிறது என்று உட்கார்ந்து கேட்டுப் பார்த்தேன்.

போட்டியில் இருந்தவை மூன்று. 1993-இல் தரநிலையாக வெளியான எம்பி3, லேம் என்ற சுருக்கும் மென்பொருள் (என்கோடர்) வழியாக. 2003-இல் தரநிலையான எச்இ-ஏஏசியும் (ஏஏசி வடிவத்தின் குறைந்த பிட்ரேட் வகை), அதன் மேல் வந்த இரண்டாம் பதிப்பும். 2012-இல் வந்த ஓபஸ். வோர்பிஸ் என்ற இன்னொரு வடிவத்தையும் கொஞ்சம் கேட்டேன். 64 கிலோபிட்டுக்கு மேல் அது நன்றாக இருக்கிறது. 32-இல் ஓபஸுக்குப் பக்கத்தில் நிற்க முடியவில்லை என்பதால் சீக்கிரமே விட்டுவிட்டேன்.

கேட்கும் முறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இதைச் சரியாகச் செய்யாமல் சொல்லும் எந்தத் தீர்ப்புக்கும் மதிப்பில்லை. சுருக்கிய கோப்புகளை எல்லாம் மறுபடி வேவ் கோப்பாக மாற்றி, தொடக்கத்தை மில்லிவினாடி பிசகாமல் ஒன்றாக வைத்து, சத்த அளவைச் சமப்படுத்திய பிறகே ஒப்பிட வேண்டும். அரை டெசிபெல் கூடுதலாக ஒலிப்பது காதுக்கு நல்லதாகத் தோன்றிவிடும். ஹெட்போன் கம்பி வைத்ததாக இருக்க வேண்டும். புளூடூத்தில் கேட்டால் அது தன் பங்குக்கு இன்னொரு முறை சுருக்கும், எதன் குறையைக் கேட்கிறோம் என்றே தெரியாது.

64-க்கு மேலே ஏபிஎக்ஸ் சோதனை போதும். ஏ மூலம், பி சுருக்கியது, எக்ஸ் இரண்டில் ஏதோ ஒன்று. எது என்று கணினிக்குத்தான் தெரியும். 16 தடவைக்கு 12 தடவை சரியாகச் சொன்னால், அது குருட்டாம்போக்கில் அமைந்திருக்க 4 சதவீதத்துக்கும் குறைவான வாய்ப்பே இருக்கிறது. ஃபூபார்2000 என்ற பிளேயரில் இதற்கென்று ஒரு துணைக்கருவி உண்டு. ஆனால் 32-இல் இது உதவாது, ஏனென்றால் வித்தியாசம் யாருக்கும் கேட்கும். அங்கே கேள்வி எது குறைவாகக் கெட்டிருக்கிறது என்பது. அதற்கு மஷ்ரா என்ற முறை இருக்கிறது. எல்லா மாதிரிகளையும் பெயர் தெரியாமல் கலந்து, அவற்றோடு மூலத்தையும் மறைத்து வைத்து, 3.5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டிய ஒரு மட்டமான மாதிரியையும் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் 100-க்கு மதிப்பெண் போடுவது. மறைந்திருக்கும் மூலத்துக்கே குறைந்த மதிப்பெண் போட்டுவிட்டால் அந்தச் சுற்றைத் தூக்கிப் போட்டுவிடலாம்.

எந்த அதிர்வெண் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் அலைமாலைப் படத்தைப் பார்த்துத் தரம் சொல்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். இந்த பிட்ரேட்டில் அதை நம்பவே கூடாது. எச்இ-ஏஏசி மேல் அதிர்வெண்களைச் செயற்கையாக நிரப்பும். படத்தில் 16 கிலோஹெர்ட்ஸ் வரை அழகாகத் தெரியும். அங்கே இருப்பது வாசித்தவர் வாசித்தது அல்ல.

முதலில் தனி ஆவர்த்தனம். மிருதங்கத்தில் ஒரு அரைச்சாப்பு விழும் இடத்தை மட்டும் வெட்டியெடுத்துத் திரும்பத் திரும்பக் கேட்டேன். மூலத்தில் அமைதி, அப்புறம் சட்டென்று அடி. 64 கிலோபிட் எம்பி3-இல் அந்த அடிக்கு முன்னால் ஒரு ‘ஸ்ஸ்’ வருகிறது. அடி விழப்போவதை முன்கூட்டியே அறிவிப்பது மாதிரி. இதை முன்னெதிரொலி என்று சொல்லலாம். இந்த வடிவங்கள் ஒலியைச் சின்னச் சின்னத் துண்டுகளாக எடுத்து, துண்டுக்குள் இருக்கும் அதிர்வெண்களைத் தோராயமாக எழுதி வைக்கின்றன. தோராயத்தால் வரும் இரைச்சல் துண்டு முழுக்கப் பரவும். அடி துண்டின் கடைசியில் இருந்தால், இரைச்சல் அடிக்கு முன்பே கேட்கும். அடிக்குப் பின்னால் வரும் இரைச்சலை அடியே மறைத்துவிடும். முன்னால் வருவதைச் சில மில்லிவினாடிதான் காது மன்னிக்கும்.

குறைந்த பிட்ரேட்டில் இது ஏன் மோசமாகிறது என்பது எனக்கு மிகவும் பிடித்துப்போன விஷயம். 64 கிலோபிட் ஸ்டீரியோவில் எழுதச் சொன்னால் லேம் 11 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டிவிட்டு, மாதிரி வீதத்தையும் (ஒலியை வினாடிக்கு எத்தனை முறை அளக்கிறோம் என்பதையும்) 24 கிலோஹெர்ட்ஸாகக் குறைத்துக்கொள்ளும். துண்டின் அளவோ மாறாமல் 1152 மாதிரிகள்தான். வீதம் பாதியானதும் அதே துண்டு 24 மில்லிவினாடியிலிருந்து 48 மில்லிவினாடியாக நீண்டுவிடுகிறது. எச்இ-ஏஏசியிலும் உள்ளே இருக்கும் ஏஏசி பாதி வீதத்தில்தான் ஓடுகிறது. அதன் நீளத் துண்டு 2048 மாதிரிகள், அதாவது 85 மில்லிவினாடி. இரண்டுமே திடீர் அடி வந்தால் குட்டித் துண்டுக்கு மாறிக்கொள்ளும். அந்தக் குட்டித் துண்டுகூட 10 மில்லிவினாடிக்கு மேல். ஓபஸின் சாதாரணத் துண்டே 20 மில்லிவினாடி, அடி வந்தால் 2.5 வரை இறங்கும். இணையம் வழியாக உடனுக்குடன் பேசுவதற்காகவே, தாமதம் குறைவாக இருக்க வேண்டும் என்று வடிவமைத்தது நம் மிருதங்கத்துக்கு லாபமாகிவிட்டது.

32-இல் தனி ஆவர்த்தனம் கேட்டபோது ஓபஸ் எல்லாவற்றையும் விட வெகு தூரம் முன்னால் இருந்தது. வலந்தலையில் விரல் படும் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக விழுந்தது. எச்இ-ஏஏசியில் வேகமான ஃபரன்களில் (விரைவுச் சொற்கோவைகளில்) சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. கஞ்சிராவின் சில்லு அதில் மணலைத் தேய்ப்பது போல ஆகிவிட்டது. எம்பி3 32 ஸ்டீரியோவைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. 5.5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் இல்லை, இருப்பதும் தண்ணீருக்குள் கேட்கிறது.

இதோடு நிறுத்தியிருந்தால் ஓபஸ்தான் என்று முடிவு கட்டியிருப்பேன். அடுத்து தம்புரா.

பாடகர் பாட ஆரம்பிப்பதற்கு முன் தம்புரா மட்டும் ஒலிக்கும் நிமிடம் இருக்கிறதே, அதுதான் சுருக்கும் வடிவங்களுக்கு உண்மையான பரீட்சை. தந்திக்கும் குதிரைக்கும் இடையில் செருகியிருக்கும் நூலால், மீட்டிய பிறகு மேல் ஸ்வரங்கள் ஒவ்வொன்றாக எழும்பி அலையலையாக இறங்கும். அத்தனையும் நெருக்கமாக, அசையாமல் நிற்கும் அதிர்வெண்கள். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் அதிர்வெண்களைப் பிரித்துப் பார்க்க நீளமான துண்டு வேண்டும். மிருதங்கத்துக்குக் கைகொடுத்த குட்டித் துண்டு இங்கே பாதகம். 32 ஸ்டீரியோவில் ஓபஸின் தம்புராவில் ஒரு மெல்லிய கரகரப்பு, சுருதியைச் சுற்றித் தூசி படிந்தது போல. ஓபஸ் ஒவ்வொரு அதிர்வெண் பட்டையின் மொத்த ஆற்றலையும் காப்பாற்றிவிடும். ஆனால் பட்டைக்குள் நுணுக்கத்தை எழுத பிட் இல்லாதபோது இரைச்சல் மாதிரியான ஒன்றால் நிரப்பும். அந்த நிரப்பல்தான் கரகரப்பு.

எச்இ-ஏஏசி இங்கே அமைதியாக ஜெயித்தது. சட்ஜமும் பஞ்சமமும் கலங்காமல் நின்றன. மேலே வரும் ரீங்காரம் மட்டும் சரியில்லை. கீழ்ப்பகுதியை நகலெடுத்து மேலே ஒட்டும்போது, ஒட்டிய அதிர்வெண்கள் சுருதியின் மடங்குகளோடு சரியாகப் பொருந்துவதில்லை. சுருதி சுத்தமான காது உள்ளவர்களுக்கு அது உலோகத்தனமாகக் கேட்கும். போன் ஸ்பீக்கரில் கேட்பவர்களுக்குத் தெரியவே தெரியாது.

கைதட்டலில் எல்லாமே தோற்றன. நூற்றுக்கணக்கான குட்டி அடிகள் ஒன்றன் மேல் ஒன்றாக விழும்போது எந்தத் துண்டு அளவும் போதாது. எச்இ-ஏஏசியின் இரண்டாம் பதிப்பில் சபா முழுக்கப் பரவியிருந்த கைதட்டல் ஒரே இடத்தில் குவிந்துவிட்டது. கைதட்டலுக்காக யாரும் கச்சேரி கேட்பதில்லை என்பதால் இதற்கு நான் மதிப்பெண் குறைக்கவில்லை.

கதாகாலட்சேபம் ஒன்று என்னிடம் நல்ல பதிவாக இருக்கிறது. பேச்சு, பாட்டு, நடுநடுவே சிப்ளாக்கட்டை. ஐரோப்பிய ஒலிபரப்புச் சங்கத்தின் புகழ்பெற்ற சோதனை வட்டில் காஸ்டனெட் என்ற கைக்கட்டை ஒலியைச் சேர்த்திருப்பார்கள், முன்னெதிரொலியைப் பிடிக்க. நமக்குச் சிப்ளா அந்த வேலையை இன்னும் கடுமையாகச் செய்கிறது. ஓபஸுக்குள் இரண்டு இயந்திரங்கள் இருக்கின்றன. ஸ்கைப்பிலிருந்து வந்த சில்க் பேச்சுக்கு, ஷிஃப் அமைப்பிலிருந்து வந்த செல்ட் சங்கீதத்துக்கு. பேச்சா பாட்டா என்று தானே கண்டுபிடித்து மாறிக்கொள்ளும். 2018-இல் வந்த 1.3 பதிப்பிலிருந்து இந்தக் கண்டுபிடிப்புக்கு நரம்பியல் வலையைப் பயன்படுத்துகிறார்கள். 24 கிலோபிட் மோனோவில் பாகவதர் வசனத்திலிருந்து விருத்தத்துக்குத் தாவும் இடங்களைக் குறிப்பாகக் கவனித்தேன். மாறுகிற தடமே தெரியவில்லை. வெறும் பேச்சுக்கு 16 கிலோபிட்டே தாராளம். ஸ போன்ற உரசல் ஒலிகள் பெரும்பாலும் 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேலேதான் உயிரோடு இருக்கின்றன. பழைய தொலைபேசிக் குரல் அவற்றை வெட்டிவிடும். 16-இல் ஓபஸ் அவற்றைத் தெளிவாகத் தருகிறது. ஒரு மணி நேர உபன்யாசம் 7.2 எம்பி.

இனி இந்த வேலையிலேயே பெரிய பலன் கிடைத்த இடத்துக்கு வருகிறேன். வடிவத்தை மாற்றுவதைவிட, ஸ்டீரியோவை மோனோவாக்கியது பல மடங்கு பலன் தந்தது.

சபாவில் நமக்கு வருவதே பெரும்பாலும் ஒலிபெருக்கி வழியாக வரும் மோனோதான். இரண்டு மைக்கிலும் பதிவாவது அதே சத்தம், கூடவே கொஞ்சம் சுவர் எதிரொலியும் மின்விசிறியும். அந்த வித்தியாசத்தை எழுத பிட்டைச் செலவழிப்பது வீண். 32 முழுவதையும் ஒரே சேனலுக்குக் கொடுத்தபோது ஓபஸின் தம்புராக் கரகரப்பு ஏறக்குறைய காணாமல் போனது. மிருதங்கம் மூலத்துக்கு மிக அருகில் வந்தது. எச்இ-ஏஏசி இரண்டாம் பதிப்புக்கு மட்டும் அவ்வளவு லாபமில்லை, ஏனென்றால் அது உள்ளே ஏற்கெனவே மோனோவைத்தான் எழுதுகிறது. இடது வலதைச் சில குறிப்புகளாக மட்டும் வைத்துக்கொண்டு கேட்கும்போது பிரிக்கிறது. ஆக, ஸ்டீரியோவில் தம்புராவுக்கு ஜெயித்த வடிவம் மோனோவில் பின்தங்கிவிட்டது.

மோனோவாக்குவதில் ஒரு எச்சரிக்கை. இரண்டு மைக்குகள் தள்ளித் தள்ளி வைத்த பதிவில் இரண்டு சேனலையும் கூட்டிப் பாதியாக்கினால், சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு குரல் மூக்கடைத்த மாதிரி ஆகிவிடும். அங்கே நல்லதாக இருக்கும் ஒரு சேனலை மட்டும் எடுத்துக்கொள்வதே சரி. மைக்குகள் ஒரே இடத்தில் குறுக்காக இருக்கும் ரெக்கார்டர் என்றால் கூட்டலாம். அதோடு 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுவேன். மேடை அதிர்வும் காற்றும் அங்கேதான் இருக்கின்றன, மிருதங்கத்தின் இடது பக்கமான தொப்பியின் கும்கி ஒலி அதற்கு மேலே பத்திரமாக இருக்கிறது. உச்ச அளவை ஒரு டெசிபெல் இறக்கி வைப்பதும் நல்லது. சுருக்கிய ஒலி விரியும்போது மூலத்தைவிடச் சற்று மேலே போய் உடைவதுண்டு.

இதற்கு ஒரே விலக்கு நாகஸ்வரம். மைக் இல்லாமல் பிராகாரத்தில் சுவாமி புறப்பாட்டோடு வாசித்துக்கொண்டே நகரும்போது, தவில் ஒரு பக்கம், ஒத்து ஒரு பக்கம், கல்மண்டபத்தின் எதிரொலி சுற்றிலும். அதை மோனோவாக்கினால் இடமே போய்விடுகிறது. தவிலின் வலது பக்கம் விரல்கூட்டோடு விழும் அடி மிருதங்கத்தைவிடக் கூர்மை. நாகஸ்வரமோ தம்புராவைவிட அடர்த்தி. இரண்டும் ஒரே நேரத்தில் வரும்போது ஒரு வடிவத்துக்கு நீளத் துண்டும் வேண்டும், குட்டித் துண்டும் வேண்டும். 32-இல் எதுவும் தாங்கவில்லை. 48 ஓபஸில் நிமிர்ந்து உட்கார்ந்தது. 64-இல் ஏபிஎக்ஸில் நான் பிடித்த இடங்கள் மல்லாரியில் தவில் உச்சத்துக்குப் போகும் சில அடிகள் மட்டும். புறப்பாட்டுப் பதிவுகளை 64 ஸ்டீரியோ ஓபஸில்தான் அனுப்புகிறேன், மணிக்கு 28.8 எம்பி. இதில் கஞ்சத்தனம் பார்க்க மனம் வரவில்லை.

கோப்பு எல்லா போனிலும் திறக்கிறதா என்பது தனி விஷயம். வாட்ஸ்அப் குரல் செய்தி பதிவாவதே ஓபஸில்தான். இருந்தாலும் தனி ஓபஸ் கோப்பைத் தொட்டவுடன் வாசிக்காத செயலிகள் இருக்கின்றன. விஎல்சி போட்டுக்கொண்டால் பிரச்சினை தீர்ந்தது. அதுவும் முடியாத பெரியவர்களுக்கு எச்இ-ஏஏசி 48 ஒரு பிரதி தனியாக எடுத்து வைக்கிறேன். அதைத் தயாரிக்க எஃப்எஃப்எம்பெக் என்ற வடிவம் மாற்றும் கருவியில் உள்ளமைந்த ஏஏசி என்கோடர் போதாது, ஃபிராவுன்ஹோஃபரின் எஃப்டிகே நூலகம் சேர்ந்த பதிப்பு வேண்டும்.

அடுத்து சோதிக்கப் போவது ஏஏசி குடும்பத்தின் இன்னும் புதிய வடிவமான எக்ஸ்எச்இ-ஏஏசி. ஆண்ட்ராய்ட் 9-இலிருந்தும் ஐஓஎஸ் 13-இலிருந்தும் போன்களே இதை வாசிக்கின்றன. எக்ஸேல் என்ற இலவச என்கோடரைத் தொகுத்து வைத்துவிட்டேன். முதலில் அதே தம்புரா நிமிடத்தையும், அதே அரைச்சாப்பையும் கொடுக்கப் போகிறேன். பிறகு மல்லாரி.