மடியில் கிடத்திய கிதார்

ஜூன் 4

மூன்று நிமிடப் பாட்டு. முதல் நாலு வரியைப் பிடிப்பதற்குள் ராத்திரி பதினொன்று ஆகிவிட்டது. ஹவாய் கிதார் கலைஞர் சோல் ஹோஒபீ வாசித்த ‘ஃபேர்வெல் ப்ளூஸ்’. 1922இல் ஜாஸ் குழு ஒன்று ஊதிப் பதிவுசெய்த மெட்டு. ட்ரம்பெட்டும் கிளாரினெட்டும் பங்கு போட்டுக்கொண்ட வேலையை இவர் ஒரே கிதாரில் முடித்துவிடுகிறார். ஹவாய் கிதார் என்றால் இழுத்து இழுத்து உருகும் என்றே நினைத்திருந்தேன். இது குதித்து ஓடுகிறது.

ஜூன் 5

இந்தக் கிதாரில் விரலால் அழுத்தாமல், கம்பிமேல் ஓர் எஃகுத் துண்டைச் சறுக்கித்தான் வாசிக்க வேண்டும். அதை நகர்த்துமிடமெல்லாம் உர்ரென்று இரைச்சல். வேறொன்றும் இல்லை இன்று.

ஜூன் 8

ஹோஒபீ, ஹவாயின் ஹோனலுலுவில் 1902இல் பிறந்தவர். 1919இல் இரண்டு நண்பர்களோடு, சான் பிரான்சிஸ்கோ போகும் கப்பலில் டிக்கெட் இல்லாமல் ஒளிந்துகொண்டார். பிடிபட்டதும் வாசித்துக் காட்ட, பயணிகளே காசு போட்டுக் கட்டணத்தைக் கட்டினார்களாம். கொஞ்சம் ஜோடித்த கதையாகத்தான் இருக்கும். இருந்தாலும் அந்தப் பயணிகளில் நான் இருந்திருந்தால் கொடுத்திருப்பேன்.

அப்புறம் லாஸ் ஏஞ்சலிஸ். 1925 முதல் இசைத்தட்டுகள்.

ஜூன் 11

மைக்கும் மின்சாரமும் இல்லாத மேடையில், பேண்டு சத்தத்தில் மரக் கிதார் காணாமல் போய்விடும். இசைக்கருவி செய்பவரான ஜான் டோப்யேரா அதற்கு ஒரு வழி செய்தார்: உலோக உடல், உள்ளே மெல்லிய அலுமினியக் கூம்புகள் மூன்று. கம்பியின் அதிர்வு, கம்பிகளைத் தாங்கும் பாலம் வழியாகக் கூம்புகளுக்கு இறங்கி, ஒலிபெருக்கி போல வெளியே வரும். நேஷனல் ட்ரைகோன் என்று பெயர். முதலீடு தேடி வைத்த விருந்தில் அதை வாசித்துக் காட்டியவர் ஹோஒபீதான் என்பார்கள். வேறு யாரை வைத்து விற்பது!

1930களில் மின்கிதாருக்கு மாறினார். சி-ஷார்ப் மைனரில் சுருதி கூட்டி, ஜாஸ் கார்டுகளை (சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கொத்துகளை) சுலபமாக எடுத்தார். கெட்டிக்காரத்தனம்தான், ஆனாலும் என் ஓட்டு ட்ரைகோனுக்கே. மின்கிதாரில் ஸ்வரம் நீண்டு நிற்கிறது; ட்ரைகோனில் சட்டென்று அணைந்துவிடும், அந்த இடைவெளியில்தான் தாளம் துள்ளுகிறது.

ஜூன் 15

1938இல் ஹாலிவுட் கிளப்புகளை விட்டுவிட்டு, ஏமி செம்பிள் மெக்பெர்சனின் மதப் பிரசங்கக் குழுவில் சேர்ந்துவிட்டார். எனக்குக் கொஞ்சம் கோபம்தான். சரி, அவர் விரல், அவர் விருப்பம். பின்னாளில் அவர் பதிந்த ஞானப்பாட்டு ஒன்றைக் கேட்டேன். வரி முடியும் இடத்தில் அதே பழைய சறுக்கல்! 1953இல் சியாட்டிலில் காலமானார்.

ஜூன் 16

உர்ருக்குக் காரணம் தெரிந்தது. எஃகுத் துண்டுக்குப் பின்னால் மோதிரவிரலும் சுண்டுவிரலும் கம்பிமேல் லேசாகப் படிந்து வர வேண்டும். நான் தூக்கிவைத்திருந்தேன். நாலு வரி வந்துவிட்டது, பாதி வேகத்தில்.