கோதின் பலம்

நோர்வேயின் வடகோடியான பின்மார்க்கில் உள்ள மீன் பதப்படுத்தும் தொழிற்சாலைகளில் எண்பதுகளிலேயே நம்மவர் பலர் வேலைக்குச் சேர்ந்திருந்தபடியால், பிறகு வந்த என் போன்றவர்களுக்கு மொழி பிடிபடுவதற்கு முன்பே வேலை கிடைத்தது. முல்லைத்தீவில் பிறந்து, நந்திக்கடல் இறாலும் நண்டும் தின்று வளர்ந்தவன் என்பதற்காகவோ, வெறும் ஆள் பற்றாக்குறையினாலோ, என்னை நண்டுப் பகுதியில் விட்டார்கள். இங்குள்ள குளிரையும் இருட்டையும் பற்றி எழுதாதவர் இல்லை. நான் நண்டுக் கோதைப் பற்றி எழுதுகிறேன். இந்த நாட்டில் நான் ஒழுங்காகக் கற்ற முதற்பாடம் அதுதான்.

இங்கே பிடிபடும் செந்நிற இராட்சத நண்டும் வந்தேறிதான். 1960களில் சோவியத் விஞ்ஞானிகள் பசிபிக் பக்கமிருந்து கொண்டுவந்து பேரன்ட்ஸ் கடலில் விட்டவற்றின் சந்ததி, 1970களில் நோர்வேக் கரையை எட்டியது. அந்த வகையில் அது எங்களுக்குச் சற்று மூத்த குடி. பெரிய ஆண் நண்டு கால்களை விரித்தால் ஒன்றரை மீற்றரையும் தாண்டும். கோதெங்கும் முள். வலக்கொடுக்கு நொறுக்குவதற்கென்று பருத்திருக்கும், இடக்கொடுக்கு வெட்டுவதற்கென்று மெலிந்திருக்கும்.

நண்டைக் கையில் எடுத்ததும் காலின் பருத்த கணுவை அமுக்கிப் பார்க்க வேண்டும் என்று சொல்லித் தந்தபோது, எனக்கு அதில் புதுமை தெரியவில்லை. வட்டுவாகல் பக்கம் பிடித்த நண்டை வாங்கும் முன் என் சின்னம்மாவும் அதன் வயிற்றுப்புறத்தைப் பெருவிரலால் அமுக்குவார். அமுங்கினால் அது அண்மையில் கோது கழற்றியது, உள்ளே தண்ணீர்தான் என்று தள்ளிவிடுவார். அதன் காரணம் எனக்கு இங்கேதான் விளங்கியது. கோது வளராது, ஆகவே நண்டு பழையதைக் கழற்றிவிட்டு, நீரை உறிஞ்சி உடலைப் பெருக்கிக்கொண்டு, புதிய கோதை அந்தப் பெரிய அளவில் இறுகவிடுகிறது. இறுகும்வரை உள்ளிருக்கும் நீரின் அழுத்தமே அதற்கு எலும்பு. கோதுக்குள் சதை நிரம்ப மேலும் காலம் செல்லும்.

இறுகிய கோதையும் கல்லென்று நினைக்கக் கூடாது. கைற்றின் என்னும் நார்ப்பொருளும் புரதமும் சேர்ந்த நுண்ணிழைகள் அடுக்கடுக்காகப் படிந்திருக்க, அவற்றுக்கிடையே கல்சியம் காபனேற்று, அதாவது சுண்ணாம்பு, நிரம்பியிருக்கிறது. எங்கள் பனையோலைப் பாயில் ஓலை இரண்டு திசைகளில்தான் ஓடும். இங்கேயோ ஒவ்வோர் அடுக்கின் இழைகளும் கீழடுக்கிலிருந்து சிறிது திரும்பி, அடுக்குகள் ஏற ஏற அரைவட்டம் சுற்றிவிடுகின்றன. அதனால் உள்ளே புகும் வெடிப்பு நேராக ஓட முடியாமல் முறுகி முறுகிச் செல்ல, அதன் வேகம் அங்கேயே தேய்கிறது. வெளிப்பக்க அடுக்குகள் நெருக்கமாகவும் கடினமாகவும், உட்பக்க அடுக்குகள் சற்றுத் தளர்வாகவும் அமைந்திருப்பது எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு: வெளிப்புறம் தேய்வைத் தாங்க, உட்புறம் வளைந்து கொடுக்கிறது.

ஈரம் இதில் பாதிப் பங்கு என்பேன். ஈரக் கோது உடைவதற்கு முன் வளையும். உலர்ந்ததோ விறைத்து, அதிகம் வளையாமல் சட்டென்று நொறுங்கும். ஊரில் வேலியோரம் வெயிலில் கிடந்த நண்டுக் கோது காலில் மிதிபட்டதும் பொடியானதற்கு அதுவே காரணம். இறால் கோதில் சுண்ணாம்பு குறைவு என்பதால் அது நகத்தால் உரிக்கும் அளவுக்கு மெல்லியதாய் நெளிகிறது. மூட்டுகளில் உள்ள சவ்வில் சுண்ணாம்பு அநேகமாக இல்லவே இல்லை. கால் மடங்குவதும் அதனால்தான், கத்தரிக்கோல் நுழைவதும் அங்கேதான்.

எங்கள் வரிசையில் முள்ளியவளை அண்ணை ஒருவர் இருக்கிறார். கொடுக்கை ஓங்கி அடித்தால் கோது சில்லுகளாகி இறைச்சிக்குள் புகுந்துவிடும் என்பதால், ஊரில் அம்மிக்குழவியால் தட்டிய பக்குவத்திலேயே அவர் இங்கும் சிறு சுத்தியலால் அளவாகத் தட்டுவார்; கோது கீறி நிற்குமே தவிரச் சிதறாது. கோடை விடுமுறைக்கு வேலைக்கு வந்த உள்ளூர்ப் பெடியன் ஒருவன் காலை நடுவில் பிடித்து முறிக்கப் பார்த்தபோது, அண்ணை கத்தரிக்கோலை அவன் கையில் கொடுத்து, மூட்டிலிருந்து தொடங்கு என்று தன் கரடுமுரடான நோர்வேஜிய மொழியில் சொன்னார்.