மைக்ரோடோம் கத்தியில் பிடிபட்ட நான்கு திசுக்கள்

மருத்துவ ஆய்வுக்கூடத் துறையில் டிப்ளோமா படிப்பவர்களுக்கு உடலின் நான்கு அடிப்படைத் திசுக்கள் முதல் செமஸ்டரிலேயே மனப்பாடமாகிவிடும். எபிதீலியம் (உடலின் மேற்பரப்பையும் குழாய்களின் உட்புறத்தையும் மூடும் திசு), இணைப்புத் திசு, தசை, நரம்பு. மலேசிய இடைநிலைப் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.முக்கு உயிரியலில் படித்ததும் இதே நான்குதான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். ஆனால் பயிற்சிக்குப் போன இடத்தில் ஒரு ஸ்லைடை நீட்டி "இது என்ன?" என்று கேட்டால் வாயடைத்துப் போகும். பாடப்புத்தகப் படத்தில் நான்கும் நான்கு வண்ணத்தில் இருக்கும். ஸ்லைடில் எங்கு பார்த்தாலும் ரோஸ் நிறம், நடுநடுவே நீலப் புள்ளிகள்.

நான் பயிற்சி முடித்தது கோலாலம்பூரில் ஒரு மருத்துவமனையின் திசு ஆய்வுக்கூடத்தில். கடைசியில் ஒரு தேர்வு உண்டு. உள்ளே திசுத் துண்டு பதித்த, என்ன உறுப்பு என்று எழுதாத மெழுகு பிளாக் ஒன்றைத் தருவார்கள். நாமே வெட்டி, நாமே சாயம் ஏற்றி, மருத்துவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கக் கேட்க, எந்தத் திசு எங்கே இருக்கிறது என்று காட்ட வேண்டும். அடுத்த செட்டில் போகப்போகும் தம்பி தங்கைகள் சிலர் எப்படித் தயாராவது என்று கேட்டார்கள். எனக்கு இந்த நான்கும் பிடிபட்டது வெட்டும் மேசையில்தான், அதனால் அங்கிருந்தே சொல்கிறேன்.

பிளாக் தயாராகும் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். திசு கெடாமல் காக்கும் 10 சதவீத ஃபார்மலினில் ஊறிய துண்டு, காசெட் என்னும் சிறு பிளாஸ்டிக் பெட்டிக்குள் போகும். இரவு முழுக்க மெஷினுக்குள் ஆல்கஹால் அதிலிருக்கும் தண்ணீரை வெளியேற்றும், சைலீன் ஆல்கஹாலை வெளியேற்றும், கடைசியாக ஏறத்தாழ 60 டிகிரியில் உருகிய பாரஃபின் மெழுகு உள்ளே புகும். மறுநாள் காலையில் அச்சில் மெழுகு ஊற்றி பிளாக் ஆக்குவார்கள். பயிற்சி மாணவர்களுக்கு உயிருள்ள கேஸ் எதுவும் கிடைக்காது. நோயாளியின் பயாப்ஸி அரிசி அளவுதான் இருக்கும், அதை வீணடித்தால் திரும்பப் போய்க் கேட்க முடியாது. ரிப்போர்ட் கொடுத்து முடித்த பழைய மாதிரிகளின் மீதியைத்தான் நமக்குத் தருவார்கள். அது நியாயமும்கூட.

எனக்கு வெட்டக் கற்றுக்கொடுத்தவர் அங்கே நெடுங்காலமாக வேலை பார்க்கும் ஓர் அக்கா. தைப்பிங் பக்கத்து ஊர்க்காரர், அதிகம் பேச மாட்டார். "தம்பி, பிளாக்கை நல்லா ஐஸ்ல போடுங்க. சூடா இருந்தா சுருங்கத்தான் செய்யும்" என்பார். மைக்ரோடோம் என்பது பிளாக்கை மெல்லியதாகச் சீவும் இயந்திரம். 3 அல்லது 4 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமனில் அதன் கைப்பிடியைச் சுற்றச் சுற்ற, மெழுகுச் சீவல்கள் ஒன்றோடொன்று ஒட்டி ரிப்பன் மாதிரி நீளும். அதை பிரஷ் நுனியால் தூக்கி வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியில் மிதக்கவிட்டு, ஸ்லைடை அடியில் கொடுத்து ஏந்த வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்கிற வேலை. தொட்டி பக்கம் ஒருவர் தும்மினால் ரிப்பன் பறந்துவிடும்.

அக்கா முதலில் கொடுத்தது கொழுப்பு. அது சொன்னபடி கேட்காது. மெழுகு சரியாக ஏறாத கொழுப்பு, வெட்டும்போது பிய்ந்து ரிப்பனில் ஓட்டை ஓட்டையாக விழும். ஐஸில் இன்னும் கொஞ்ச நேரம் வைத்து நிதானமாக வெட்டினால்தான் வழிக்கு வரும். சாயம் ஏற்றிப் பார்த்தால் வெறும் வளையங்கள், உள்ளே ஒன்றுமில்லை. கொழுப்பு முழுக்க ஆல்கஹாலிலும் சைலீனிலும் கரைந்து போய், செல்லின் ஓரமும் ஓரத்துக்கு ஒதுக்கப்பட்ட கருவும் (நியூக்ளியஸ்)தான் மிஞ்சும். இந்த வெறும் வளையங்களைப் பார்க்கும்போதுதான் இணைப்புத் திசு எவ்வளவு பெரிய குடும்பம் என்று உறைத்தது. கொழுப்பு, தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண், குருத்தெலும்பு, எலும்பு, ஏன் இரத்தம்கூட அதில்தான் சேர்த்தி. பொதுவாக இதில் செல்களைவிட, செல்களுக்கு இடையே இருக்கும் பொருளுக்குத்தான் மவுசு. எலும்பில் அது சுண்ணாம்பு ஏறி இறுகியிருக்கும், இரத்தத்தில் திரவமாக ஓடும். எலும்பை அப்படியே வெட்ட முடியாது, அமிலத்திலோ, சுண்ணாம்பை இழுத்துக்கொள்ளும் இடிடிஏ என்ற ரசாயனத்திலோ ஊறவைத்துச் சுண்ணாம்பை எடுத்த பிறகுதான் கத்தி இறங்கும்.

எபிதீலியம் இதற்கு நேர் எதிர். செல்கள் இடைவெளி விடாமல் நெருக்கியடித்து நிற்கும், ஒரு பக்கம் வெளியையோ குழாயின் உட்புறத்தையோ பார்த்திருக்கும், மறுபக்கம் அடித்தளச் சவ்வில் ஊன்றியிருக்கும். உள்ளே பொதுவாக இரத்தக் குழாய் கிடையாது. ஆனால் இந்த அடுக்கெல்லாம் கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால் தோலை மெழுகில் படுக்கவைக்கக் கூடாது, செங்குத்தாக நிறுத்த வேண்டும். படுக்க வைத்தால் மேல் அடுக்கை மட்டும் சீவி எடுப்போம், கீழே என்ன இருக்கிறது என்பது தெரியவே தெரியாது. புத்தகம் பார்த்து எபிதீலியத்தின் வகைகளை (நுரையீரல் சிற்றறைகளில் தட்டையான ஒற்றை அடுக்கு, சிறுநீரகக் குழாய்களில் கனசதுரம், குடலில் தூண் வடிவம், தோலில் பல அடுக்கு) உருப்போடுகிறவர்கள், அச்சில் வைக்கும் திசையில் தவறினால் எல்லா வகையும் ஒன்றாகத்தான் தெரியும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

தேர்வில் ஆளைக் கவிழ்ப்பது வேறு. தசைநாண், மென்தசை (குடல் போன்ற உள்ளுறுப்புகளின் தசை), நரம்பு மூன்றையும் நீளவாக்கில் வெட்டினால், மூன்றும் ரோஸ் நிற நூல்கட்டு மாதிரிதான் இருக்கும். இதற்கு நான் நிறைய நேரம் செலவழித்தேன், செலவழித்தது வீண்போகவில்லை. கருவைப் பாருங்கள். தசைநாணில் கரு குறைவு, கொலாஜன் என்ற புரத இழைகளுக்கு இடையே நசுங்கி ஊசி மாதிரி மெலிந்திருக்கும். மென்தசையில் கரு செல்லுக்கு உள்ளேயே இருக்கும், முனை மழுங்கி நீண்டிருக்கும். நரம்பில் கரு நிறைய இருக்கும், இழைகள் அலையலையாக ஓடும், நடுவே நுரைத்தாற்போல் இருக்கும். நரம்பிழையைச் சுற்றியிருக்கும் மயலின் உறையும் கொழுப்புச் சத்துதானே, அதுவும் சைலீனோடு போய்விடுகிறது. கொழுப்பு பிளாக்கில் பட்டபாடு இங்கே கைகொடுத்தது. எலும்புத் தசை வந்தால் கவலையே வேண்டாம், குறுக்குக் கோடும் ஓரத்தில் ஒதுங்கிய பல கருக்களும் காட்டிக்கொடுத்துவிடும். இதயத் தசையில் கரு நடுவில், இழை கிளை பிரியும்.

வீட்டில் அம்மா சௌகிட் சந்தையில் ஆட்டுக்கால் வாங்கி வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, சூப்பைக் கொதிக்கவைத்துவிட்டு "சதை நாரு நாரா வருது, நரம்பு மட்டும் பசையாயிடுச்சு பாரு" என்றார். அம்மா நரம்பு என்றது தசைநாணை. கொலாஜன் வெந்து ஜெலட்டின் ஆகிறது, தசை ஆவதில்லை. பிரெஞ்சு மருத்துவர் பிஷா செய்ததும் ஏறக்குறைய இதுதான். மைக்ராஸ்கோப்பை நம்பாமல், உடல் உறுப்புகளை வேகவைத்து, காயவைத்து, அமிலத்தில் ஊறப்போட்டு, எது எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்து 21 திசுக்களைப் பிரித்தார். 1802இல் இறக்கும்போது வயது 30தான். இருபத்தொன்று பின்னர் நான்காகச் சுருங்கியது வேறு விஷயம், ஆனால் அவருடைய வழி எனக்குப் பிடித்திருந்தது.

தேர்வன்று வந்த பிளாக்கில் சிறிய வட்டமான துண்டு, நடுவில் துளை. சாயத்தொட்டியில் கருவுக்கு நிறமேற்றும் ஹீமடாக்சிலின் முடிந்து ஸ்லைடைக் குழாய் நீரில் காட்டியதும் ஊதாச் சிவப்பு மெல்ல நீலத்துக்கு மாறியது. இதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காது. பிறகு மற்றதற்கெல்லாம் ரோஸ் நிறம் தரும் இயோசின், ஆல்கஹால், சைலீன், மேலே கண்ணாடி. கீழ் உருப்பெருக்கத்தில் வைத்துப் பார்த்தபோது தெரிந்துவிட்டது, குடல்வால்.

மருத்துவர் துளையின் ஓரத்தைக் காட்டச் சொன்னார். தூண் வடிவ எபிதீலியம், நடுநடுவே வெளிறிய சளிச் சுரப்பிச் செல்கள். அதற்குக் கீழே நீல உருண்டைகளாக நிணநீர்த் திரள்கள், பிறகு தளர்ந்த இணைப்புத் திசு, அதில் இரத்தக் குழாய்கள். பிறகு மென்தசை இரண்டு அடுக்கு, உள்ளே வட்டமாகவும் வெளியே நீளவாக்கிலும். "மூணு ஆச்சு. நாலாவது?" என்றார். தசையின் இரண்டு அடுக்குக்கும் நடுவே ஸ்லைடை மெதுவாக நகர்த்திக்கொண்டே போனேன். பெரிய செல்கள் சில ஒரு கொத்தாக நின்றன, வெளிறிய உருண்டைக் கரு, உள்ளே தெளிவாக ஒரு நியூக்ளியோலஸ், அதாவது கருவுக்குள் தெரியும் சிறு புள்ளி. குடலைத் தானாக அசையவைக்கும் நரம்புப் பின்னலின் செல்கள். அவர் தலையாட்டிவிட்டு, கடைசியாக வெளி ஓரத்துக்குப் போகச் சொன்னார். அங்கே ஒற்றை வரிசையில் தட்டைச் செல்கள். "இதுவும் எபிதீலியமா?" ஆமாம் டாக்டர், வயிற்றறைச் சவ்வின் ஒற்றையடுக்கு என்றேன். சரி, போதும் என்றார்.

போகிறவர்கள் ஸ்வெட்டர் எடுத்துக்கொண்டு போங்கள். பிளாக் கெடாமல் இருக்க ஏர்கோனை நடுங்க நடுங்க வைத்திருப்பார்கள். பயிற்சிப் புத்தகத்தில் அன்றன்றைக்கே கையெழுத்து வாங்கிவிடுங்கள், மாதக் கடைசியில் அக்காவைத் தேடினால் லீவில் இருப்பார்.