ஞாயிறானால் வாளி இழுக்கிறேன்

மூன்று மாதமாக ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சேறு இழுக்கிறேன். சம்பளம் கிடையாது, மதியச் சாப்பாடுகூட நாமே கட்டிக்கொண்டு போக வேண்டும். இங்கிலாந்தில் ஷெஃபீல்ட் நகரத்தில் என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் "குகைக்கு வர்றியா?" என்று கேட்டார், நானும் சொட்டுச் சொட்டாகத் தொங்கும் சுண்ணாம்புக் கல்லையெல்லாம் பார்த்துவிட்டு வரலாம் என்று புது பூட்ஸ் வாங்கிக்கொண்டு கிளம்பினேன். போய்ச் சேர்ந்த இடம் டார்பிஷயரில் ஓர் ஆட்டு மேய்ச்சல் வயல். நடுவில் இரும்பு மூடி, அதற்கு மேலே சாரக்குழாயில் செய்த முக்காலி, அதில் ஒரு கப்பி.

குகை எங்கே என்றேன். கீழே, அதுக்குத்தான் தோண்டுறோம் என்றார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தக் குகை எல்லோருக்கும் தெரிந்ததுதான். வேறொரு பக்கம் வாசல் இருக்கிறது, வயிற்றால் ஊர்ந்து, இடுப்பளவு தண்ணீரில் நடந்து, மூன்று மணி நேரத்தில் இதே இடத்துக்கு நேர் கீழே வந்துவிடுவார்கள். அப்புறம் எதற்கு மேலேயிருந்து தோண்ட வேண்டும்? காரணங்கள் நியாயமானவைதான். வழியில் தாழ்வான ஓரிடம், மழை பெய்தால் கூரைவரை தண்ணீர் நிரம்பிவிடும். உள்ளே ஒருவருக்குக் கால் முறிந்தால் ஸ்ட்ரெச்சரை அந்த வழியாகக் கொண்டு வருவது பெரும் பாடு. தவிர, போகவும் வரவும் ஆறு மணி நேரம் தீர்ந்துவிட்டால் அங்கே புதிதாகத் தேட நேரம் எங்கே இருக்கிறது?

ஆனால் இவர்களிடம் காரணம் கேட்டால் இதையெல்லாம் சொல்வதற்கு முன் டைட்டனைத்தான் சொல்வார்கள். காசில்டன் கிராமத்துப் பக்கம் மலைக்குள் இருக்கும் செங்குத்துக் குழி அது. ஜேம்ஸ் பிளம்ட்ரி என்பவர் அந்தப் பக்கத்துக் குகைகளைப் பற்றி 1793-இல் எழுதி வைத்த குறிப்பு ஒன்று டேவ் நிக்சன் என்ற குகைக்காரர் கண்ணில் பட, அதைப் பிடித்துக்கொண்டு அவரும் நண்பர்களும் பழைய ஈயச் சுரங்கம் வழியாக இறங்கி, பாறை அடைப்புகளைத் தோண்டித் தோண்டி, 1999-இல் அதற்குள் நுழைந்தார்கள். 141.5 மீட்டர். லண்டன் ஐ ராட்டினத்தை உள்ளே நிறுத்தினாலும் தலைக்கு மேல் ஆறு மீட்டர் மிச்சம் இருக்கும். அதுவரை பிரிட்டனில் ஆழமான குழி என்று பெயர் வாங்கியிருந்தது யார்க்‌ஷயரின் கேப்பிங் கில், அது நூறு மீட்டரை ஒட்டியதுதான். பிறகு மேலே வயலிலிருந்து சுமார் 45 மீட்டர் தோண்டி டைட்டனுக்குத் தனி வாசலே போட்டுவிட்டார்கள். செய்தி வெளியுலகத்துக்குத் தெரிந்தது 2006-இல். ஏழு வருடம் எப்படி வாயை மூடிக்கொண்டு இருந்தார்கள் என்பதுதான் எனக்கு இன்னும் ஆச்சரியம்.

சரி, வயலில் எந்த இடத்தில் தோண்டுவது? கீழே ஒரு குழு போய், கம்பிச் சுருளைத் தரையில் மட்டமாக வைத்து, அதில் தாழ்ந்த அதிர்வெண் மின்சாரம் அனுப்பும். அதன் காந்தப்புலம் பாறையைத் தாண்டி மேலே வரும். வயலில் ஒருவர் இன்னொரு சுருளைச் செங்குத்தாகப் பிடித்து, ஹெட்ஃபோனில் பீப் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நடப்பார். நேர் மேலே வந்துவிட்டால் சுருளை எந்தப் பக்கம் திருப்பினாலும் சத்தம் செத்துப்போகும். அங்கே ஒரு முளை. இதை நேரில் பார்த்தபோது, தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு நீரோட்டம் பார்ப்பவர் ஞாபகம்தான் எனக்கு வந்தது, இங்கே பௌதிகம் ஒத்துழைக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

எங்கள் குழி இப்போது பதினோரு மீட்டர், இன்னும் ஆறு பாக்கியாம். கீழே ஒருவர்தான் நிற்க முடியும். மண் வந்தால் கடப்பாரை. பாறை வந்தால் துளை போட்டு, இரண்டு இரும்புத் தகடுகளைச் செருகி, நடுவில் ஆப்பு வைத்துச் சுத்தியலால் அடிப்பார். டங், டங் என்ற சத்தம் அடிக்க அடிக்கச் சுருதி ஏறிக்கொண்டே போகும், திடீரென்று மழுங்கும், கல் பிளந்துவிட்டது என்று அர்த்தம். பிறகு வாளி. மேலே மூன்று பேர் இழுக்கிறோம், நான் கடைசி ஆள். ஏதாவது கீழே விழுந்தால் "பிலோ!" என்று கத்த வேண்டும். முதல் நாள் என் கையிலிருந்து கூழாங்கல் ஒன்று நழுவியபோது நான் கத்தியது "ஐயோ!" கீழே இருந்தவருக்கு அர்த்தம் புரிந்துவிட்டது, ஒதுங்கிக்கொண்டார்.

அம்மாவிடம் போனில் சொன்னேன். "கிணறு வெட்டவாடா அவ்வளவு தூரம் போனே?" என்றாள், கொஞ்சம் யோசித்துவிட்டு, "தண்ணி வந்துச்சா?" தண்ணீர் வந்தால்தான் தொல்லை என்பதை அவளுக்குப் புரியவைக்க முடியவில்லை.

இவர்கள் காத்திருப்பது காற்றுக்காக. குகைக்குள் வருடம் முழுக்க எட்டு டிகிரி வாக்கில்தான் இருக்கும். குளிர்காலத்தில் வெளியைவிட உள்ளே வெதுவெதுப்பு, அதனால் மேல்வாசல் வழியாகக் காற்று கிளம்பி வரும், உறைபனிக் காலையில் ஆவியாகவே தெரியும். கோடையில் தலைகீழ். இரண்டு வாரம் முன்பு குழி அடியில் ஊதுபத்தி கொளுத்திப் பார்த்தார்கள் (ஊதுபத்தி என் உபயம்). புகை கொஞ்சம் சுற்றிவிட்டு, ஒரு பாறை இடுக்குக்குள் நூல் மாதிரி இறங்கிப் போனதாம். அன்று சாயங்காலம் பப்பில் எல்லோரும் என்னவோ கல்யாண வீடு மாதிரி இருந்தார்கள்.

போன ஞாயிறு இரண்டு பேர் காலையிலேயே பழைய வழியாக உள்ளே போனார்கள். சரியாக இரண்டு மணிக்குக் கூரையில் ஐந்து அடி அடிப்பதாக ஏற்பாடு. இரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வேலையை நிறுத்தினோம், ஜெனரேட்டரும் நின்றது. நான் கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். சரியாக இரண்டு மணிக்கு வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஓர் ஆடு கத்த ஆரம்பித்தது, ஒன்று கத்தியதும் மற்றதெல்லாம் சேர்ந்துகொண்டன. குழி அடியில் கேட்டுக்கொண்டிருந்தவரிடமிருந்து கெட்ட வார்த்தை வந்தது. பிறகு நீண்ட நேரம் ஒன்றும் இல்லை.

அப்புறம் அவர் மெதுவாக எண்ணுவது கேட்டது. மூன்று. நான்கு.

ஐந்தாவதை எண்ணவில்லை, வாளியை அனுப்பச் சொன்னார்.