ஆய்வேடு தயார், ஆய்விதழ் பட்டியலில் இல்லை

முந்தாநாள் பிஎச்.டி. வைவா (வாய்மொழித் தேர்வு) முடிந்தது. ஆறு வருஷம். படபடப்பு இன்னும் அடங்கவில்லை. பார்ட் டைமில் பிஎச்.டி. செய்பவர்களுக்கு உதவும் என்று உடனே எழுதுகிறேன்.

2017இல் பதிவு செய்தேன். கோர்ஸ் ஒர்க், கமிட்டி எல்லாம் தடங்கல் இல்லாமல் போயின. சினாப்சிஸ் (ஆய்வுச் சுருக்கம்) கொடுக்கப் பல்கலைக்கழகம் போன அன்றுதான் வினை. கல்லூரியில் லீவு போட்டு, இரண்டு பஸ் மாறிப் போனேன். செக்‌ஷனில் இருந்தவர் கட்டாயம் என்பதால் வெளியிட்டிருந்த என் ஆய்வுக் கட்டுரையில், அந்த இதழின் அடையாளமான ஐஎஸ்எஸ்என் எண்ணைப் பென்சிலால் வட்டமிட்டு, "இந்த ஜர்னல் லிஸ்ட்லயே இல்லையே மேடம்" என்றார்.

கட்டுரை வந்தது 2018 ஜனவரியில். அப்போது யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) ஏற்ற இதழ்களின் பட்டியலில் அது இருந்தது. அந்த மே மாதம் யுஜிசி 4,305 இதழ்களை நீக்கியதில் இதுவும் போயிருக்கிறது.

"வந்தப்போ இருந்துச்சு சார்."

"அதுக்கு ப்ரூஃப்?"

என்னிடம் இல்லை. தயவுசெய்து இதை மட்டுமாவது செய்யுங்கள்: கட்டுரை வெளியான அன்றே, உங்கள் பல்கலைக்கழகம் கேட்கும் பட்டியலில் அந்த இதழ் இருக்கும் பக்கத்தைத் தேதி தெரியப் பிரிண்ட் எடுத்து, கைடிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள்.

மறுபடி ஒரு கட்டுரை எழுதி, பழைய பட்டியலுக்குப் பதிலாக யுஜிசி கொண்டுவந்த கேர் பட்டியலில் அப்போது இருந்த இதழுக்கு அனுப்பிவிட்டுப் பதினோரு மாதம் காத்திருந்தேன். நடுவில், 2022 நவம்பரில் வந்த யுஜிசியின் புது விதியில் கட்டுரை கட்டாயமே இல்லை! ஓடிப்போய்க் கேட்டேன். முன்பே பதிந்தவர்களுக்குப் பழைய விதிதான் என்றார்கள். வாசித்துப் பார்த்தேன், அப்படித்தான் இருக்கிறது.

அப்புறம் ஒப்புமைச் சோதனை, அதாவது ஆய்வேடு வேறு எழுத்துகளோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்ப்பது. 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், எனக்கு 17. பெரும்பகுதி என் சொந்தக் கட்டுரையோடு ஒத்துப்போனதுதான். கைடு கடிதம் கொடுத்த பிறகே அதைக் கழித்தார்கள்.

இதையெல்லாம்விட வலித்தது 2023 ஜூலையில் வந்த அறிவிப்பு. பல்கலைக்கழக உதவிப் பேராசிரியர் வேலைக்கு பிஎச்.டி. கட்டாயம் என்று 2018இல் சொன்னதை நம்பித்தான் பாதியில் விடாமல் இழுத்து வந்தேன். இப்போது நெட், செட் தகுதித் தேர்வில் தேறியிருந்தாலே போதுமாம். அன்று ராத்திரி ஆய்வேட்டைத் தொடவே மனசு வரவில்லை.

வைவாவில் வெளித் தேர்வாளர் நாலாம் இயலில் ஒரு பக்கத்தை மடக்கி வைத்திருந்தார். கைத்தறிக் கூலி அட்டவணை. பாவு ஓட்டும் (தறிக்கு நீளவாட்டு நூலைத் தயார் செய்யும்) பெண்களுக்குத் தனிக் கூலி ஏன் கணக்கில் வருவதில்லை என்று கேட்டார். இருபது நிமிஷம் பேசினேன். நான் என்ன கண்டுபிடித்தேன் என்று இந்த ஆறு வருஷத்தில் யாராவது கேட்டது அன்றைக்குத்தான்.